ஒரு சுவருக்கு அடர்நிறம், நான்கு செடிகள்: ஈரம் மிகுந்த குமரி வீடுகளுக்கான செய்முறை

ஆனி, ஆடிச் சாரலில் குமரி மாவட்டத்து வீடுகள் பகலிலேயே இருண்டுவிடும். அந்த மழை விட்டு மூச்சு வாங்குவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். வெளிர் கிரீம் அடித்த ஹால் அந்த வெளிச்சத்தில் அழுக்குச் சாம்பலாகத் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் மனமும் மந்தமாகும். கண்ணில் படும் ஒரு சுவருக்கு நல்ல அடர்நிறமும் பக்கத்தில் சில செடிகளும் வந்தால் அறையின் முகமே மாறும்.

எல்லோரும் முதலில் கலர் கார்டைப் புரட்டுகிறார்கள். நம் ஊரில் அது கடைசிக்கு முந்தைய வேலை. ஈரம் எங்கே, வெளிச்சம் எங்கே என்று பார்த்த பிறகுதான் நிறம். அதன் பிறகு செடி. இந்த வரிசை மாறினால் பெயின்டும் உரியும், செடியும் அழுகும்.

1. சுவரைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு சுவருக்கும் அடர்நிறம் வேண்டாம். மழைக்காலத்தில் அறை இன்னும் இருண்டுபோகும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து நேரே பார்க்கும் ஒரு சுவர் போதும். ஜன்னல் இருக்கும் சுவரை விட்டுவிடுங்கள்; ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும்போது அதைச் சுற்றியுள்ள நிறம் கறுப்பாகத்தான் தெரியும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உள்ள சுவர் மிகவும் நல்லது.

அடுத்து ஈரச் சோதனை. ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் கட்டியான பிளாஸ்டிக் தாளை வெட்டி, சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வைத்து, நான்கு விளிம்பையும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால், சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றில் உள்ள ஈரம், கவலை இல்லை. குளியலறையை ஒட்டிய சுவரும், மழை நேராக வந்து அடிக்கும் மேற்கு, தென்மேற்குச் சுவரும் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறாது. அப்படிப்பட்ட சுவரில் எவ்வளவு விலையுள்ள பெயின்ட் அடித்தாலும் கொப்பளிக்கும். கசிவை வெளியே இருந்து அடைக்கும்வரை வேறு சுவரைப் பாருங்கள்.

சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது உப்பு. செங்கல்லிலும் மணலிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் வெளியே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதை ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். சில வாரங்கள் கழித்து மறுபடியும் பூக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும்.

2. நிறம்

அறை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான் கணக்கு. வடக்கு ஜன்னல் உள்ள அறையில் வெளிச்சம் மென்மையாக, கொஞ்சம் நீலம் கலந்து வரும். அங்கே கடுகு மஞ்சள், செங்காவி போன்ற சூடான நிறங்கள் எடுபடும். நீலம் சோகையாகத் தெரியும். மேற்கு வெயில் விழும் அறையில் அதே மஞ்சள் சாயங்காலம் ஆரஞ்சாகி எரிச்சலூட்டும். அங்கே மயில் நீலமோ பாட்டில் பச்சையோ அடியுங்கள். பழைய வீட்டில் சிவப்பு சிமென்ட் தரை இருந்தால் சுவருக்குச் சிவப்பு வேண்டாம். கடுகு மஞ்சளோ பாட்டில் பச்சையோ அந்தத் தரையைத் தூக்கிக் காட்டும்.

செடியையும் இப்போதே மனதில் வையுங்கள். தோவாளையில் கட்டும் மாணிக்க மாலை என்ற பூமாலையில் செவ்வரளிக்கும் வெள்ளரளிக்கும் நடுவில் வரும் நொச்சி இலைப் பச்சை எவ்வளவு கொஞ்சம், ஆனால் எப்படித் தெரிகிறது? மஞ்சள், காவிச் சுவருக்கு முன்னால் கரும்பச்சை இலை அப்படித்தான் நிற்கும். சுவரே பச்சை என்றால் வெள்ளை, வெளிர்மஞ்சள் வரி உள்ள இலைகளை வையுங்கள், இல்லையென்றால் செடி சுவரோடு கலந்து காணாமல் போகும்.

கலர் கார்டில் உள்ள விரல் அளவுக் கட்டத்தை நம்பி வாங்காதீர்கள். பெரிய பரப்பில் நிறம் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். சிறிய சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டடிச் சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்து, அந்தச் சுவரில் சாய்த்து வையுங்கள். காலை, மதியம், சாயங்காலம், பிறகு லைட் போட்டும் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை எல்இடிதான் இருக்கிறது (கெல்வின் என்பது பல்பு வெளிச்சத்தின் நிற அளவு; எண் குறைந்தால் மஞ்சள் கூடும்). அதன் கீழே கடுகு மஞ்சள் பச்சை தட்டிப் போகும், காவி செத்துப் போகும். அந்தச் சுவர்ப் பக்கம் மட்டும் 3000 அல்லது 4000 கெல்வின் பல்பு மாற்றினால் சரியாகிவிடும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு மாற்றம் தரும் வேலை வேறு இல்லை.

3. பெயின்ட் அடிப்பது

தை நடுவிலிருந்து பங்குனிவரை நல்ல காலம். புதிதாகப் பூசிய சுவர் என்றால் நன்றாகக் காய இரண்டு மூன்று மாதமாவது விடுங்கள்.

12 அடி நீளம், 9 அடி உயரம் என்றால் 108 சதுர அடி. ஒரு லிட்டர் எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர் பெயின்ட்) இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய இந்த அளவுதான் வரும். ஆனால் மஞ்சளும் சிவப்பும் அடியில் இருப்பதைச் சரியாக மறைக்காத நிறங்கள், மூன்றாவது கோட் கேட்கும். ஆகவே ஒரு லிட்டர் டப்பா இரண்டை ஒரே நேரத்தில் கலக்கச் சொல்லி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். டப்பாவுக்கு டப்பா இருக்கும் சின்ன நிற வித்தியாசம் சுவரில் பட்டையாகத் தெரியாது. சிவப்பு, காவி என்றால் பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரையே வெளிர் சாம்பல் நிறத்தில் கலக்கச் சொல்லுங்கள். ஒரு கோட் மிச்சமாகும்.

பழைய சுவரைக் கையால் தேய்த்துப் பாருங்கள். உள்ளங்கையில் வெள்ளை ஒட்டினால் அது சுண்ணாம்பு. அதன்மேல் எமல்ஷன் அடித்தால் சுண்ணாம்போடு சேர்ந்து தோலாக உரிந்து வரும். பட்டி பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, விரிசலுக்கும் குழிக்கும் பட்டி வைத்து, காய்ந்த பிறகு 180 நம்பர் உப்புத்தாளாலும் பிறகு 220-ஆலும் தேயுங்கள். தூசியைத் துடைத்து ஒரு கோட் வாட்டர் பிரைமர். நாலைந்து மணி நேரம் கழித்து எமல்ஷன். மழை மூட்டமாக இருந்தால் மறுநாள்.

பழைய வீட்டின் கதவு, ஜன்னலில் உள்ள ஆயில் பெயின்டை மட்டும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டின் தூசி குழந்தைகள் உடலில் சேரக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்து, அந்தச் சகதியைத் துணியில் வழித்தெடுங்கள்.

ஓரங்களை 2 அங்குல பிரஷ்ஷால் வரைந்து, அந்த ஓரம் காய்வதற்குள் 9 அங்குல ரோலரால் உள்பரப்பை அடியுங்கள். ஓரம் காய்ந்த பிறகு ரோலர் ஓட்டினால் படச் சட்டம்போல ஒரு கோடு நின்றுவிடும். டப்பாவில் சொன்னதற்கு மேல் தண்ணீர் சேர்க்காதீர்கள். மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் முழுவதும் காய்வதற்கு முன்பே, மெதுவாகச் சாய்த்து இழுங்கள்.

4. எந்தச் செடி

மதியம் செடி வைக்கப்போகும் இடத்தில் கையை ஒரு அடி உயரத்தில் பிடியுங்கள். நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம், மங்கலாக விழுந்தால் நடுத்தரம், நிழலே இல்லையென்றால் அங்கே எந்தச் செடியும் நீண்ட நாள் நிற்காது.

நடுத்தர வெளிச்சத்துக்கு மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ பிளான்ட், அக்லோனிமா. முதல் முறை வளர்ப்பவர்கள் இதில் நான்கு எடுத்தால் போதும். நல்ல வெளிச்சம் இருந்தால் அரிகா பனை. குரோட்டன்ஸ் நிறத்துக்கு ஆசைப்பட்டு ஹாலுக்குள் வைக்காதீர்கள், வெளிச்சம் போதாமல் நிறமும் மங்கி இலையும் கொட்டும். சிட்அவுட்தான் அதற்கு இடம்.

மாவட்டத்துக்குள்ளேயே காற்று வேறு வேறு. குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால் கலாத்தியா, ஆந்தூரியம், பெரணி எல்லாம் அழகாக வரும். அதே கலாத்தியா ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் இலை நுனி கருகி நிற்கும். அங்கே ஸ்நேக் பிளான்ட்டும் ஜீஜீயும்தான். குளச்சல், முட்டம்போல் கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்று இலையில் படிந்து விளிம்பை எரிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவுங்கள்.

மணி பிளான்ட், அக்லோனிமா, பீஸ் லில்லி, டிஃபன்பேக்கியா இவற்றில் ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள்.

5. மண், தொட்டி, தண்ணீர்

தென்னை நார்க்கழிவு நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கயிறு ஆலையிலிருந்து நேராக வரும் கழிவில் உப்பு அதிகம். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். இரண்டு பங்கு நார்க்கழிவு, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு பருமணல். ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ இரண்டுக்கும் நார்க்கழிவை ஒரு பங்காகக் குறைத்து மணலை இரண்டாக்குங்கள்.

தொட்டியில் அடித்துளை கட்டாயம். செடி இருக்கும் தொட்டியைவிட இரண்டு அங்குலம் மட்டும் பெரிதாக எடுங்கள். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும்.

வீட்டுக்குள் செடி சாகக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் மிகுதிதான். நாள் கணக்கு வைத்து ஊற்றாமல் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஸ்நேக் பிளான்ட்டுக்கு மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். அடியிலை மஞ்சளாகி, மண்ணில் கெட்ட வாடை வந்தால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். செடியைப் பிடுங்கி, கறுத்து நைந்த வேரை வெட்டிவிட்டு, புது மண்ணில் நடுங்கள். இலைக்கணுவில் பஞ்சுபோல் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒருமுறை தெளியுங்கள்.

தொட்டிக்கு அடியிலுள்ள தட்டையும், மணி பிளான்ட் வைத்த பாட்டிலையும் ஐந்து நாளைக்கு ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணீரே போதும். அதன் முட்டை பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிக்கொள்வதால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

6. வைக்கும் முறை

செடிகளைச் சுவர் நெடுக வரிசையாக அடுக்காதீர்கள். ஒரு மூலையில் உயரமானது ஒன்று, முன்னால் இடுப்பளவு ஸ்டூலில் ஒன்று, தரையில் ஒன்று, நான்காவது மேலிருந்து தொங்கும் மணி பிளான்ட். இலைக்கும் சுவருக்கும் ஆறு அங்குலமாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் புதுச் சுவரில் பூஞ்சைக் கறை வரும். சுவரில் மூன்றில் இரண்டு பங்கு வெறுமையாகவே இருக்கட்டும்.

நான்கு செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதற்குக் காட்டப்படும் நாசாவின் 1989 ஆய்வு மூடிய பெட்டிக்குள் நடந்தது. ஜன்னல் திறந்த வீட்டுக்கு அது பொருந்தாது. மனதுக்கு நல்லது என்பதற்குத்தான் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. 24 இளைஞர்களை வைத்து நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், கணினி வேலை செய்தபோது இருந்ததைவிடச் செடியைத் தொட்டி மாற்றியபோது அவர்கள் அமைதியாக உணர்ந்தார்கள். ஆகவே செடியைப் பார்ப்பதோடு விடாமல், இலை துடைப்பது, மண் கிளறுவது எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் அதற்குச் சுவரும் செடியும் மருந்தல்ல. மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசுங்கள்.

மீந்த பெயின்டில் கால் லிட்டரை இறுக மூடும் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, கலர் நம்பரையும் அடித்த தேதியையும் எழுதி ஒட்டி வையுங்கள். தொட்டி நகர்த்தும்போது சுவரில் கீறல் விழுந்தால், அந்த இடத்தை மட்டும் சின்ன பிரஷ்ஷால் தொட்டுவிடலாம்.