பெர்லினுக்குக் குடிவந்தவர் அறியவேண்டிய தொகுதிக் கணக்கு

பெர்லினில் வீடு கிடைத்து, முகவரியைப் பதியும் ‘அன்மெல்டுங்’ முடிந்த நாளிலேயே நீங்கள் ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்குள் வந்துவிடுகிறீர்கள். ஜெர்மன் நாடாளுமன்றமான புண்டஸ்டாக்கின் தேர்தலில் ஜெர்மன் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை உண்டு என்பதால், வாக்காளர் அறிவிப்புக் கடிதம் உங்கள் அஞ்சல் பெட்டிக்கு வராது. இருந்தாலும், தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதக் குடியுரிமை தேவையில்லை. ஆகவே அவர் யார் என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தொகுதி எல்லை சில இடங்களில் ஒரு தெருவின் அகலம்தான். ஹாசன்ஹைடேயில் உள்ள கணேசர் கோயில் நொய்க்கோல்ன் தொகுதியைச் சேர்ந்தது. சற்று நடந்தாலே குரோய்ஸ்பெர்க் வந்துவிடும்.

இங்கே வாக்குச்சீட்டு காகிதம்தான். இடப்பக்கம் கறுப்பு எழுத்தில் தொகுதி வேட்பாளர்களும், வலப்பக்கம் நீல எழுத்தில் கட்சிப் பட்டியல்களும் இருக்க, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாக்குகள் இடவேண்டும். தமிழ்நாட்டில் ஒரே பொத்தானை அழுத்திப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றும்; கட்சிக்குப் புள்ளடியிட்டு விருப்பு வாக்கும் அளித்த இலங்கைத் தமிழர்களுக்கு அவ்வளவு அந்நியமாக இராது. ஆனால் நாடாளுமன்றத்தில் கட்சிகளின் பலத்தைத் தீர்மானிப்பது வலப்பக்கத்தில் இடும் இரண்டாவது வாக்கே.

அப்படியானால் முதல் வாக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஃபிரீட்ரிக்ஸ்ஹைன்–குரோய்ஸ்பெர்க் தொகுதியின் கதை நல்ல விடை. 2002-இல் பசுமைக் கட்சி தன் பட்டியலில் வெற்றிவாய்ப்புள்ள இடம் தராத ஹான்ஸ்-கிறிஸ்டியான் ஸ்ட்ரோபெலே, தொகுதியில் நேரடியாக நின்று 31.6 விழுக்காடு பெற்று வென்றார். புண்டஸ்டாக்குக்கு அக்கட்சி நேரடியாக வென்ற முதல் தொகுதி அதுதான். நாடளவில் 5 விழுக்காடு பெறாத கட்சியும் மூன்று தொகுதிகளை வென்றால் பட்டியல் இடங்களைப் பெறலாம் என்பது விதி; அந்த ஆண்டு, இன்றைய இடதுசாரிக் கட்சியின் முன்னோடியான பி.டி.எஸ். கட்சி இரண்டைத்தான் வென்றது. மூன்றாவதாக இத்தொகுதி கிடைத்திருந்தால், அவையின் கணக்கே மாறியிருக்கும்.

ஸ்ட்ரோபெலே 2013 வரை தொடர்ந்து வென்றார். 2017-இலும் 2021-இலும் அதே கட்சியின் ஜனான் பைராம் வென்றார். 2025 பிப்ரவரி 23 அன்று தொகுதி இடதுசாரிக் கட்சியின் பாஸ்கல் மைசரிடம் போனது; அண்டைத் தொகுதியான நொய்க்கோல்னையும் அதே கட்சியின் ஃபெராத் கோச்சாக் கைப்பற்றினார்.

2025 முதல் மொத்த இடங்கள் 630 என வரையறுக்கப்பட்டுவிட்டன. இரண்டாம் வாக்குகளின் பங்குப்படி கட்சிக்குக் கிடைக்கும் இடங்கள் போதாவிட்டால், தொகுதியில் முதலிடம் பெற்றவரும் உள்ளே போக முடியாது. அத்தேர்தலில் 23 பேருக்கு அப்படி நேர்ந்தது. இந்த விதி அவ்வளவு நியாயமாக எனக்குப் படவில்லை.

ஐந்தாண்டுகள் முறைப்படி வாழ்ந்தபின், மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையைப் பொதுவாக ஏற்கிறது. இந்தியா ஏற்பதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாக்குச்சாவடிகள் தேர்தல் நாளான ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மூடப்பட்டதும் அங்கேயே எண்ணிக்கை தொடங்கும். இரு வாக்குகளும் ஒரே கட்சிக்கு விழுந்த சீட்டுகள் கட்சிவாரியாகவும், பிரித்துப் போடப்பட்டவை தனியாகவும் மேசையில் அடுக்கப்படும். எண்ணிக்கை பொதுவில் நடக்கவேண்டும் என்பது சட்டம் என்பதால், குடியுரிமை இல்லாத நீங்களும் உள்ளே சென்று பார்க்கலாம்; பணிக்கு இடையூறு செய்யாமல் நின்றால் போதும்.