மிஞ்சிய சோற்றில் நாலு பலகாரம்: ராத்திரியே முடிவு செய்யுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீட்டில் உலை வைக்கும்போது ஒரு கை அரிசி கூடுதலாகவே விழும். திடீரென்று யாராவது வந்தால் என்ன செய்வது என்ற பயம். யாரும் வருவதில்லை, சோறு மிஞ்சும். புதிதாகச் சமைக்கிறவர்கள் மறுநாள் காலையில் பானையைத் திறந்து பார்த்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அப்போது பாதி வழிகள் அடைபட்டிருக்கும். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதுமே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். அவை கொதியிலும் சாகாது. வடித்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடு காட்டினாலும் போகாது. அதனால் சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆற வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், அல்லது கீழே சொல்வதுபோல் தண்ணீர் ஊற்றுங்கள். மதியம் வடித்து ராத்திரி வரை மூடிக் கிடந்த சோறா? கொட்டிவிடுங்கள். அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சம்பா சோறு என்றால் பழஞ்சி (பழைய சோறு)

சிவப்புச் சம்பா சோறு தண்ணீரில் ஊறினாலும் குழையாது. மண்சட்டியில் சோற்றைப் போட்டு, அதற்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி மூடுங்கள். காலையில் லேசான புளிப்பு வாசம் வர வேண்டும். வழவழப்போ கெட்ட நாற்றமோ இருந்தால் வேண்டாம். கையால் பிசைந்து, உப்பு, கொஞ்சம் தயிர், தட்டிய சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), இரண்டு காந்தாரி மிளகாய். பக்கத்தில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சூடாக்கிய மீன்கறியும் இருந்தால் அன்று மதியச் சாப்பாடு தேவைப்படாது.

வெள்ளைச் சோறு என்றால் ஆப்பம்

என்னைக் கேட்டால் மிஞ்சிய சோற்றுக்கு இதைவிட நல்ல கதி கிடையாது. ஆப்பத்தின் நடுப்பகுதி பஞ்சுபோல் இருப்பதற்குச் சோறு முக்கியமான காரணம். சம்பா சோறும் போடலாம், ஆனால் ஆப்பம் செம்மண் நிறத்தில் வரும்.

இதற்கு மட்டும் கொஞ்சம் முன்யோசனை வேண்டும்: சோறு மிஞ்சும் என்று தோன்றினால் பச்சரிசி 2 கப் எடுத்து மாலையிலேயே 4 மணி நேரம் ஊற வையுங்கள். ராத்திரி அதை மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக நைசாக அரையுங்கள். துருவிய தேங்காய் 1 கப், சோறு அரை கப் இரண்டையும் கடைசியில் சேர்த்து அரைக்க வேண்டும். சோறு அரை கப்புக்கு மேல் போகக் கூடாது. ஒரு தடவை மிஞ்சியதையெல்லாம் தீர்த்துவிடலாம் என்று இரண்டு கப் போட்டேன். மாவு பசையாகி, சட்டியை விட்டு ஒரு ஆப்பமும் கிளம்பவில்லை.

மாவு பொங்க என்ன சேர்ப்பது? களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு, அங்கே கள் ஊற்றுவார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதனால் இந்தப் பக்கம் நமக்கு ஈஸ்ட்தான். கால் டீஸ்பூன் ஈஸ்டை இளஞ்சூடான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சீனியோடு கரைத்து, நுரைத்ததும் மாவில் கலக்குங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம், வெயில் காலத்தில் வழிந்து அடுக்களைத் தரையைக் கழுவ வைத்துவிடும்.

காலையில் உப்பு சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். ஆப்பச்சட்டி சூடானதும் ஒரு கரண்டி ஊற்றி, இரண்டு காதையும் பிடித்து ஒரே ஒரு சுற்று சுற்றி, மூடி போட்டு மிதமான தீயில் வையுங்கள். ஓரம் தானாகக் கிளம்பினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். திருப்பிப் போடக் கூடாது.

மீன்சட்டிச் சோறு

மீன் எல்லாம் தீர்ந்து, சட்டியின் அடியில் கொஞ்சம் சாறு மட்டும் ஒட்டியிருக்கிறதா? அந்தச் சட்டியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் சிறு தீயில் சாறு சுண்டும் வரை கொதிக்க விடுங்கள். ஃப்ரிட்ஜ் சோற்றை உதிர்த்துப் போட்டு, தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டு, சோறு நன்றாகச் சூடேறும் வரை பிரட்டுங்கள். குளிர்ந்த சோற்றில் மாவுச்சத்து இறுகிவிடுவதால் பருக்கை உடையாது. சூட்டுச் சோற்றில் செய்தால் களிதான் கிடைக்கும். எங்கள் வீட்டில் இதற்குச் சண்டையே நடக்கும்.

மீன் சாப்பிடாதவர்கள் அதே சோற்றைக் கடுகு, வத்தல் மிளகாய், உள்ளி, கறிவேப்பிலை தாளித்துப் பிரட்டலாம்.

வடகம்

சோற்றோடு பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்து அரைத்து, துணியில் கிள்ளி வைத்துக் காய வைப்பதுதான். ஆனால் எங்கள் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்யும். பிப்ரவரி, மார்ச் வெயிலை விட்டால் பூஞ்சைதான் மிஞ்சும். மற்ற மாதங்களில் ஆப்பத்துக்கு அரிசி ஊறப் போடுங்கள்.