தடிமனுக்குப் பின் பிள்ளைக்குத் தொண்டை அடைத்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் பிள்ளைகளுக்கு மாறி மாறித் தடிமன் பிடிப்பது வழமை. பெரும்பாலும் அது தானாகவே மாறிவிடும். ஆனால் 6 மாதம் முதல் 3 வயது வரையான சில பிள்ளைகளுக்கு, மூக்கு ஒழுகத் தொடங்கி ஓரிரு நாள் சென்றபின், சாமத்தில் திடீரெனக் குரல் கம்மி, நாய் குரைப்பது போன்ற இருமலும் மூச்சை உள்ளிழுக்கும்போது கரகரப்பான ஓசையும் உண்டாகும். குரூப் எனப்படும் இந்நிலைக்குப் பெரும்பாலும் பாராஇன்புளுவென்சா வைரசே காரணம்.

இதை முட்டு (ஆஸ்துமா) என்று எண்ணி, வீட்டிலுள்ள மூத்த பிள்ளையின் பம்மை (இன்ஹேலரை) அடிப்பதே முதல் தவறு. முட்டில் மூச்சை வெளிவிடும்போதுதான் விசில் போன்ற ஓசை அதிகம் கேட்கும்; குரூப்பில் அது உள்ளிழுக்கும்போது கேட்கும். பம் மருந்து நெஞ்சுக்குள் இருக்கும் சிறு குழாய்களை விரிக்குமே தவிர, குரல்வளைக்குக் கீழுள்ள வீக்கத்தைக் குறைக்காது. 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள மூச்சுக்குழாய் சுற்றிவர 1 மில்லிமீற்றர் வீங்கினால், காற்றுக்கு எஞ்சுவது முன்பிருந்த இடத்தின் காற்பங்குதான்.

நொச்சியிலை போட்டுக் கொதிக்கவைத்த பானைக்கு முன் பிள்ளையைப் பிடிப்பதால் இவ்வீக்கம் குறைவதாக நிறுவப்படவில்லை. கொதிநீர் கவிழ்ந்து உடல் வெந்த பிள்ளைகளோ பலர். பாம் வகைகளைக் கைக்குழந்தையின் மூக்கடியில் பூசவும் கூடாது. மிஞ்சிக் கிடந்த அன்டிபயோட்டிக் பாணி வைரசை ஒன்றும் செய்யாது.

கரண்டியால் நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்க்க முயல்வதும் ஆபத்தானது. அழுது திமிறும்போது அடைப்புக் கூடும் என்பதால், பிள்ளையைப் படுக்கவைக்காமல், தாயின் மடியில் தனக்கு வசதியான விதத்தில் இருக்க விடுவதே நல்லது.

எல்லாவற்றிலும் பாரதூரமான தவறு, ஓசை அடங்கியதும் சுகமாகிவிட்டது என்று நம்புவதுதான். விலாக்களுக்கிடையே சதை உள்வாங்க, உதடு நீலம்பாய, பிள்ளை சோர்ந்துபோக, ஓசை மட்டும் குறைகிறதென்றால், உள்ளே செல்லும் காற்றே குறைகிறது என்று பொருள். குச்சவெளியோ மூதூரோ, எங்கிருந்தாலும் விடியும்வரை காத்திராமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழைக்க வேண்டும்.

வைத்தியசாலையில் நிறைக்கேற்ப ஒருமுறை கொடுக்கும் டெக்சாமெதசோன் சில மணித்தியாலங்களில் வீக்கத்தை வற்றச் செய்யும். கடுமையான அடைப்புக்கு அட்ரினலினைப் புகையாகக் கொடுப்பார்கள். அதன் பலன் ஏறக்குறைய 2 மணித்தியாலமே நிற்பதால், பிள்ளை சிரிக்கத் தொடங்கியவுடன் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டச் சொல்லி அவசரப்படக் கூடாது.

கடுங்காய்ச்சலோடு எச்சில் விழுங்க முடியாமல் வாயால் வடிந்தால், அது குரூப்பாக அன்றி, பக்டீரியாத் தொற்றால் குரல்வளை மூடி வீங்கியதாகவும் இருக்கலாம். அதற்கு முக்கிய காரணமான ஹிப் கிருமிக்கெதிரான தடுப்பூசி 2008 முதல் இலங்கையில் 2, 4, 6 மாதங்களில் ஏற்றப்படும் ஐங்கூட்டு ஊசியில் அடங்கியுள்ளது. விடுபட்டிருக்கிறதா என்பதைப் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் பார்த்துக்கொள்ளலாம்.