பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா? பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் முறை

நான் பாடம் எடுத்த மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தமிழ்ப் புத்தகத்தில் எந்தப் பாடத்தைத் திறந்து கொடுத்தாலும் கடகடவென்று படிப்பான். ஒருநாள் தற்செயலாக அவன் விரலைப் பார்த்தேன். வாய் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது, விரல் இன்னும் முதல் வரியிலேயே இருந்தது. பக்கத்தை என் உள்ளங்கையால் மூடினேன். அவன் நிறுத்தவே இல்லை, பாடம் முடியும்வரை சொல்லிக்கொண்டே போனான். அதற்கு முந்தைய வருடம் அவனைப் பற்றி 'நன்றாக வாசிக்கிறான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நானேதான்.

அன்றிலிருந்து பாடப்புத்தகத்தை வைத்து யாருடைய வாசிப்பையும் சோதிப்பதில்லை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிய பிறகு இப்போது நான் செய்வது இதுதான். பெற்றோரும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

முதலில், பிள்ளையைத் தனியாகக் கூப்பிடுங்கள். வகுப்பு முன்னால் நிறுத்திப் படிக்கச் சொன்னால் நீங்கள் சோதிப்பது வாசிப்பை அல்ல, கூச்சத்தை. கரும்பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்வதும் வேண்டாம். அப்படிச் செய்து ஒரு பெண்ணை 'எழுத்தே தெரியாது' என்று குறித்து வைத்திருந்தேன். அவளுக்குத் தூரப் பார்வை மங்கல். தாளைக் கையில் கொடுத்ததும் தடங்கல் இல்லாமல் படித்தாள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். தினமும் காலை வழிபாட்டுக்கு முன் மூன்று பேர் என்று வைத்துக்கொண்டால், முப்பது பேர் வகுப்பு பத்து நாளில் முடிந்துவிடும். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், அப்போதுதான் விரலும் கண்ணும் போகும் இடம் தெரியும்.

அடுத்து, எதைப் படிக்கக் கொடுப்பது? பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும், பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ஏசர் கணக்கெடுப்பில் வாசிப்புக்கு ஒரே ஒரு தாள்தான் சோதனை. எழுத்துகள், எளிய சொற்கள், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை. அதில் எனக்குப் பிடித்த விஷயம், பத்தியிலிருந்து தொடங்குவது. பத்தி சரளமாக வந்தால் மேலே கதைக்குப் போகலாம். மூன்று தப்புக்கு மேல் வந்தாலோ, ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்துப் படித்தாலோ சொல்லுக்கு இறங்கலாம். ஐந்து சொல்லில் நான்கையாவது சரியாகப் படிக்காவிட்டால் எழுத்துக்கு இறங்கலாம். அ, ஆ என்று அடியிலிருந்து தொடங்கினால் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குச் சலிப்பு வந்துவிடும்.

பத்தியை நீங்களே எழுதுங்கள். நான் எழுதிய ஒன்று:

அம்மா சந்தைக்குப் போனார். கூடை நிறைய வெண்டைக்காய் வாங்கினார். திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அம்மா வெண்டைக்காயை மடியில் கட்டிக்கொண்டார். கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

இதே பத்தியை இரண்டு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிள்ளைக்கு, இன்னொன்று உங்களுக்கு. தப்பாகப் படித்த சொல்லின் மேலே, பிள்ளை வாய் என்ன சொன்னதோ அதை அப்படியே எழுதுங்கள். விட்ட சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். தானே திருத்திக்கொண்டால் 'தி' என்று சின்னதாகப் போடுங்கள், அது தப்புக் கணக்கில் சேராது. பிள்ளை தடுமாறும்போது எடுத்துக் கொடுக்க நாக்கு துடிக்கும், மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள்.

வெறும் பெருக்கல் குறி போட்டால் எத்தனை தப்பு என்பது மட்டும்தான் தெரியும். பிள்ளை சொன்னதை எழுதி வைத்தால் எங்கே சிக்கல் என்பதே தெரிந்துவிடும். 'கொடு' என்பதை 'கெடு' என்றும் 'தோள்' என்பதை 'தேள்' என்றும் 'கோடு' என்பதை 'கேடு' என்றும் ஒருத்தி படித்தாள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று தப்பு. சேர்த்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: முன்னால் நிற்கும் கொம்பைப் பார்க்கிறாள், பின்னால் வரும் காலைப் பார்ப்பதில்லை. அவளுக்கு 247 எழுத்தையும் மறுபடி எழுதவைக்க வேண்டிய தேவையே இல்லை. ஒகர, ஓகார வரிசையை மட்டும் ஒரு வாரம் பிடித்துக்கொண்டோம், சரியாகிவிட்டது. இன்னொருவன் ஒற்றைக் கொம்பையும் இரட்டைச் சுழிக் கொம்பையும் மாற்றிப் படிப்பான். அது வேறு நோய், வேறு மருந்து.

தப்புப் போல இருந்தும் தப்பில்லாதவை இரண்டு உண்டு. 'மழை'யை 'மளை' என்று படித்தால் அது ஊர்ப் பேச்சு. சந்தேகமாக இருந்தால் 'பழம்', 'பள்ளம்' இரண்டையும் எழுதி, எது எது என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அடுத்தது, 'வந்ததும்' என்பதை 'வந்தவுடனே' என்றோ, 'போனார்' என்பதை 'போனாங்க' என்றோ படிப்பது. இதற்கு மதிப்பெண் குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பொருள் புரியாத பிள்ளைக்கு எழுத்துத் தமிழைப் பேச்சுத் தமிழாக மாற்ற எப்படி வரும்? நான் அங்கே ஒரு நட்சத்திரம் போடுவேன்.

வேகத்தையும் பார்க்கத்தான் வேண்டும். அடிப்படை வாசிப்புக்காகவும் கணக்குக்காகவும் 2021இல் வந்த மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60 சொல்லாவது வரவேண்டும் என்கிறது. ஆனால் மேலே உள்ள பத்தியை எண்ணிப் பாருங்கள், 24 சொல்தான். இங்கிலீஷில் எழுதினால் 40ஐத் தாண்டும். 'கவிழ்த்துக்கொண்டார்' என்பதும் 'மழை' என்பதும் நமக்கு ஆளுக்கு ஒரு சொல் என்றால் அந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. நான் போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று அதே பிள்ளையோடுதான் ஒப்பிடுகிறேன். செல்போனில் நேரம் பார்ப்பதாக இருந்தால் மேசைக்கு அடியில் வைத்துப் பாருங்கள். கண்ணில் பட்டால் "ஸ்பீடா படிக்கணுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு ரயில் விடுவார்கள்.

படித்து முடித்ததும் கேள்வி. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். இதைப் படியுங்கள்: 'குமன் பிடலில் தொசினான்.' குமன் எங்கே தொசினான்? பிடலில். பதில் சரி, முழு மதிப்பெண். உங்களுக்கு ஏதாவது புரிந்ததா? 'இல்' என்ற வேற்றுமை உருபே விடையைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுகிறது. நம் வினாத்தாளில் பாதிக் கேள்வி இந்த ரகம்தான். அதனால் 'அம்மா எங்கே போனார்?' என்று ஒன்று கேட்டுப் பிள்ளையின் பயத்தைத் தெளியவைத்துவிட்டு, 'கூடையை எதுக்குத் தலையில கவிழ்த்தாங்க?', 'தங்கச்சி ஏன் சிரிச்சா?' என்று கேளுங்கள். இரண்டுக்கும் பத்தியில் நேரடி விடை கிடையாது. பேச்சுத் தமிழில் கேளுங்கள், பேச்சுத் தமிழிலேயே பதில் சொல்லட்டும்.

பதில் வரவில்லையா? உடனே 'புரியவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி மறுபடி கேளுங்கள். இப்போது பதில் வந்தால், பிள்ளையின் முழுக் கவனத்தையும் எழுத்துக் கூட்டுவதே தின்றுவிடுகிறது என்று அர்த்தம், வாசிப்புப் பயிற்சி கொடுத்தால் சரியாகும். அப்போதும் வராவிட்டால் சிக்கல் மொழியில். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிற பிள்ளைக்கு 'கவிழ்த்து' என்ற சொல்லே புதிதாக இருக்கலாம். அவர்களுக்குக் கதை சொல்லுங்கள், பேசவிடுங்கள், எழுத்து அப்புறம்.

தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில் பிள்ளைகளைக் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். செயலியில் ஏற்ற அது போதும். எனக்குப் போதாது. பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். 'மொட்டு. ண, ன குழப்பம். நீளச் சொல்லில் கடைசிப் பாதியை ஊகித்துச் சொல்கிறாள்' என்று இருந்தால்தான் நாளைக் காலை என்ன செய்வது என்று தெரியும்.

ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், ஆனால் பத்தி புதிதாக இருக்கட்டும். நான் ஒருமுறை சோம்பல்பட்டு வெண்டைக்காய்க் கதையையே எடுத்தேன். இரண்டாவது பிள்ளை வந்து உட்கார்ந்தது. தாளை நீட்டுவதற்குள், "நனையாம இருக்க டீச்சர்" என்றது.