போலோவோ பிஎம்டபிள்யூவோ, மதுரை வெயிலில் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன சித்திரையில் ஒரு மதியம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, டோ வண்டி மேல் ஏறி எங்கள் பட்டறைக்கு வந்தது. பானெட்டைத் திறந்து, சூடு ஆறட்டும் என்று அரை மணி நேரம் விட்டு, அப்புறம் கூலண்ட் டப்பா மூடியைத் திருகினேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது கலங்கின டீ மாதிரி இருந்தது, டப்பா ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு. "அண்ணே, கூலண்ட் கம்மின்னு லைட் போட்டுச்சு, தோட்டத்து போர்த் தண்ணியத்தான் ஊத்துனேன், வேற ஒண்ணும் பண்ணல" என்றார் வண்டிக்காரர். ஒரு மாதத்தில் மூன்று முறை ஊற்றியிருக்கிறார். நான்காவது முறை சிவப்பு விளக்கே எரிந்தும், வீடு பக்கத்தில்தானே என்று இன்னும் எட்டு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், அந்த ஹெட்டும் வளைந்துவிட்டது.

ஆரம்பக் கோளாறு என்ன தெரியுமா? தெர்மோஸ்டாட் ஹவுசிங். எஞ்சின் சூட்டுக்கு ஏற்பக் கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். இந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், சட்டென்று கண்ணில் படாத இடத்தில். வருடக்கணக்காகச் சூட்டில் வெந்து ஒட்டுவாயில் மயிரிழை மாதிரி கசிவு ஆரம்பிக்கும். தரையில் சொட்டு விழாது, விழுவதற்குள் அங்கேயே காய்ந்து இளஞ்சிவப்புப் பொருக்காக ஒட்டிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் பொருக்கு தெரியும். முதல் தடவை லைட் எரிந்தபோதே வந்திருந்தால் ஒரு நாள் வேலையோடு முடிந்திருக்கும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், ஐரோப்பியக் கார் என்றாலே சீக்கிரம் கெட்டுப்போகும், செலவு வைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் எஞ்சினைப் பிரிக்காத வென்டோ டீசல்கள் இன்றைக்கும் என்னிடம் சர்வீஸுக்கு வருகின்றன. இந்த வண்டிகள் தாங்காதது ஒன்றே ஒன்றுதான்: "ஏதோ ஒண்ணு ஊத்து, அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிற பழக்கம்.

கூலண்ட் என்பது குளிர்நாட்டில் தண்ணீர் உறையாமல் இருக்கத்தானே, நம்ம ஊருக்கு எதற்கு என்று படித்தவர்களே கேட்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் பாதி வேலைதான். கொதிக்கும் புள்ளியை உயர்த்துவதும், உள்ளே இருக்கும் அலுமினியத்தை அரிக்காமல் பார்த்துக்கொள்வதும் அதே கூலண்ட்தான், அந்த இரண்டும் மதுரைக்கு ரொம்பவே தேவை. நம் பக்கத்து போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு, அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். நிறத்தைப் பார்த்து வாங்குவதும் தப்பு, ஏனென்றால் நிறம் ஒரு தர அளவே கிடையாது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடிக்கு ஜி12, ஜி13, ஜி12 ஈவோ என்று தரப்பெயர் இருக்கிறது, கேனில் அதைப் பார்த்து வாங்குங்கள். கடையில் கிடைத்த பச்சைக் கூலண்டை இளஞ்சிவப்போடு கலந்தால் சில சமயம் கூழாகவே திரண்டுவிடும். வழியில் வேறு கதியே இல்லை என்றால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மெதுவாகப் பட்டறைக்கு வாருங்கள், அதோடு விட்டுவிடாமல் கசிவு எங்கே என்று தேடச் சொல்லுங்கள். மூடிய சுற்றில் ஓடுகிற திரவம் தானாகக் குறையாது.

இதோடு சேர்ந்த இன்னொரு தப்பு, தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது. "நம்ம ஊரு வெயிலுக்கு அது தேவையில்ல" என்று சொல்லிக் கழற்றிவிடும் பட்டறைகள் இன்னும் உண்டு. பழைய அம்பாசடர் காலத்து வைத்தியம் அது. இப்போதைய எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் ஒரு வேலைச் சூட்டை எதிர்பார்க்கிறது, அது வராவிட்டால் எஞ்சின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று நினைத்து எரிபொருளைக் கூட்டி அடிக்கும், டீசலாக இருந்தால் டிபிஎப், அதாவது புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர், சுத்தமாவதும் தடைப்படும். வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடுகிறதே என்று பயந்து வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், அது கோளாறு இல்லை, மிச்சச் சூட்டை வெளியேற்றத்தான் ஓடுகிறது, விட்டுவிடுங்கள்.

ஆயிலுக்கு வருவோம். "5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக் தான ஊத்திருக்கேன்" என்பார்கள். 5டபிள்யூ-40 என்பது வெறும் தடிமன். அந்த ஆயிலைக் கம்பெனி ஒத்துக்கொண்டதா என்று சொல்வது கேனின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் எண். ஃபோக்ஸ்வாகன் குழுமத்துப் பெட்ரோல் எஞ்சின் பலவற்றுக்கு 502 00, டிபிஎப் உள்ள டீசலுக்கு 507 00, பிஎம்டபிள்யூ டீசலுக்கு லாங்லைஃப்-04, மெர்சிடிஸ் டிபிஎப் டீசலுக்கு 229.51 என்று போகும். உங்கள் வண்டிக்கு எது என்று மேனுவலில் இருக்கிறது, ஒரு தடவை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். டிபிஎப் வண்டிக்குச் சாம்பல் அதிகம் விடும் ஆயிலை ஊற்றினால், அந்தச் சாம்பல் ஃபில்டரில் போய் உட்காரும். கரி எரிந்துபோகும், சாம்பல் எரியாது.

இந்தியாவில் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா சர்வீஸ் கணக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். நெடுஞ்சாலையிலேயே ஓடுகிற வண்டிக்கு அது சரி. டவுன் நெரிசலில், காளவாசலுக்கும் மாட்டுத்தாவணிக்கும் நடுவிலேயே வாழ்கிற டர்போ வண்டிக்கு 10,000-லேயே மாற்றச் சொல்வேன், என் அனுபவத்தில் அதில் நஷ்டப்பட்டவர் இல்லை. அப்புறம், இரண்டு சர்வீஸுக்கு நடுவில் ஆயில் அளவையே பார்க்காமல் இருப்பது பெரிய தப்பு. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஆயில் எடுக்கலாம் என்று ஃபோக்ஸ்வாகன் மேனுவலே சொல்கிறது. அப்படி எடுக்கிற வண்டி, பார்க்காமல் விட்டால், அடுத்த சர்வீஸுக்கு வருவதற்குள் வறண்டுவிடும். பல பிஎம்டபிள்யூவில் டிப்ஸ்டிக்கே கிடையாது, திரையில்தான் அளவு பார்க்க வேண்டும், அதை எப்படிப் பார்ப்பது என்று மெக்கானிக்கிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் எனக்கு ரொம்ப ஆதங்கம் உண்டு. 2020-க்கு முந்தைய போலோ ஜிடி, வென்டோ, அந்தப் பழைய ஆக்டேவியா, இப்போதைய குஷாக், டைகுன் 1.5 என்று இவற்றின் ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் வருவது ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி. டிகியூ200 என்பார்கள். இதில் இரண்டு கிளட்சும் உலர் கிளட்ச், ஆயிலில் நனையாது. அதாவது உங்கள் கால் செய்ய வேண்டிய கிளட்ச் வேலையை உள்ளே ஒரு இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான். காலை ஒன்பதரைக்குக் கோரிப்பாளையத்தில் பிரேக்கில் இருந்து காலைப் பாதி எடுத்து, அரை அடி அரை அடியாக ஊர்ந்தால் கிளட்ச் தேய்ந்துகொண்டே சூடாகும். முன் வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு கார் நீளம் இடைவெளி விழுகிற வரை பிரேக்கை நன்றாக மிதித்து நில்லுங்கள், மிதித்தால் கிளட்ச் விலகிவிடும். பிறகு ஒரே மூச்சாக நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். மேட்டில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியைத் தாங்கிப் பிடிக்கவே கூடாது.

வெயிலுக்கும் இந்த கியர்பாக்ஸுக்கும் சம்பந்தம் இருக்கிறது. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்க 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, இந்த ஏழு கியர் டிஎஸ்ஜியில் இருந்த சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. சூடும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் அந்தப் பழைய ஆயிலால் மின்சாரக் கோளாறு வரலாம் என்பதுதான் காரணம். அந்தக் காலத்து வண்டியை இன்று யாராவது வாங்கினால், அந்த வேலை நடந்ததா என்று சேசிஸ் நம்பரை வைத்து ஷோரூமில் கேட்டுப் பாருங்கள். ஆறு கியர் டிஎஸ்ஜி டிகியூ250 வேறு ரகம், அது நனைந்த கிளட்ச், 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். பிஎம்டபிள்யூவில் வரும் எட்டு கியர் ஜெட்எஃப் பெட்டிக்கு "லைஃப்டைம் ஆயில், தொடவே வேண்டாம்" என்பார்கள். அதைத் தயாரிக்கும் ஜெட்எஃப் கம்பெனியே 80,000-லிருந்து 1,20,000-க்குள் மாற்றச் சொல்கிறது. தயாரித்தவன் பேச்சைக் கேளுங்கள்.

ஸ்கேனர் காட்டுவதெல்லாம் தீர்ப்பு இல்லை. "பி0299 வந்துச்சு, டர்போ மாத்தணும்னு சொல்லிட்டாங்க" என்று முகம் வாடி ஒரு தம்பி மேலூரில் இருந்து வந்தார். அந்தக் கோடு சொல்வது காற்றழுத்தம் குறைவு என்பதை மட்டும்தான். புகை விட்டுப் பார்த்தோம், இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் கிளாம்புக்கு அடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு கிழிசல், அதன் வழியாகப் புகை நூல் மாதிரி வந்தது. ஹோஸ் மாற்றினோம், சரியாகிவிட்டது. எரர் கோடு எந்தத் தெருவில் வீடு என்று சொல்லும், கதவைத் தட்டிப் பார்ப்பது மெக்கானிக் வேலை. சோதித்துப் பார்க்காமல் பாகத்தை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

டிபிஎப் உள்ள டீசலை வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டுவதும் தப்பு. உள்ளே சேரும் கரி 600 டிகிரி அளவு சூட்டில்தான் எரியும், அந்தச் சூடு டவுன் ஓட்டத்தில் நிலைத்து நிற்காது. பத்து நாளைக்கு ஒரு முறை திருமங்கலம் தாண்டி விருதுநகர் நான்குவழிச் சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். டிபிஎப் விளக்கு எரியும்போது பாதியில் எஞ்சினை அணைக்காதீர்கள். அதை வெட்டி எடுத்துவிடலாம் என்று சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள், சட்டப்படியும் தப்பு, அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் பிள்ளைகள்தான்.

பிரேக் ஆயிலை யாருமே நினைப்பதில்லை. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றாத ஆயிலோடு கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு வரை பிரேக்கிலேயே இறங்கினால், ஆயில் கொதித்து பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இறக்கத்தில் மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டிலோ மூன்றிலோ இறங்குங்கள்.

மழைக்காலத்துக்கு ஒன்று. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி கொட்டின மழையும் செல்லூர்ப் பக்கம் நின்ற தண்ணீரும் யாருக்கும் மறந்திருக்காது. சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதைப் போய் இடித்தால் கனெக்டிங் ராடு வளையும். தள்ளி வெளியே கொண்டுவந்து, அப்படியே டோ செய்யுங்கள். இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று உண்டு, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் அதைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஸ்பேர் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டது, முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது. "பில் இல்லாம வாங்குனா குறைச்சுத் தர்றேன்" என்ற பேச்சுக்கு மயங்காமல் பில்லோடு வாங்குங்கள். போலோவை 2022-இல் நிறுத்திவிட்டார்களே, பாகம் கிடைக்காதே என்ற பயமும் வேண்டாம். கம்பெனிக்கே பாகம் செய்து கொடுக்கும் பாஷ், மாலே, மான், லுக், வேலியோ போன்றவர்கள் தங்கள் பெட்டியிலும் விற்கிறார்கள். அதுவும் டூப்ளிகேட்டும் ஒன்றல்ல. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றித் தினமும் கேட்கிறார்கள்: எத்தனாலில் பெட்ரோலைவிடச் சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பழைய வண்டியாக இருந்தால் பெட்ரோல் ஹோஸ்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள், டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் வண்டியைப் போட்டு வைக்காதீர்கள்.

கடைசியாக, செகண்ட் ஹேண்டில் பிஎம்டபிள்யூ, ஆடி வாங்குகிறவர்கள். புது கார் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கிறது என்று வாங்கிவிடுகிறார்கள், ஆனால் ஸ்பேர் விலை புது கார் விலைக்கு ஏற்றபடிதான் இருக்கும், அது பாதியாகாது. மீட்டரைத் திருத்தியிருந்தாலும் பல வண்டிகளில் வேறு மாட்யூல்களில் உண்மையான கிலோமீட்டர் பதிந்திருக்கும், அதைப் படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப்போங்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற வண்டியில் மூன்றாவது செட் டயர் இருந்தால் யோசியுங்கள். 2007-லிருந்து 2011 வரை வந்த 320டி, 520டி வண்டிகளின் என்47 எஞ்சினில் டைமிங் செயின் பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அது தேய்ந்தால் ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கமிருந்து சரசரவென்று உரசும் சத்தம் வரும், மாற்றுவதற்கு எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் பல சத்தங்கள் காதில் விழும். அதனால் வண்டி பார்க்கப் போனதும் சாவியைக் கேட்பதற்கு முன்னால் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விலை பேசாதீர்கள், "நாளைக்குக் காலையில வர்றேண்ணே, நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.