ஸ்ட்ராவை முதலில் வெட்டுங்கள்: குழந்தைகளுக்கான வாய்ப் பயிற்சிகள்

குழந்தை சரியாக மெல்லவில்லை, எச்சில் வழிகிறது, பேச்சும் தெளிவாக இல்லை என்றால் பலரும் முதலில் சொல்வது ஊதலும் சோப்புக் குமிழும்தான். என் மகளுக்கும் அப்படித்தான் தொடங்கினோம். ஊதுவதில் அவள் தேறிவிட்டாள். மெல்லுவதிலும் பேச்சிலும் எந்த மாற்றமும் தெரியவில்லை. காரணம் இருக்கிறது. நாக்கு, உதடுகளின் முழு வலிமையில் ஒரு சிறு பங்குதான் பேச்சுக்குத் தேவை. வேகமும் துல்லியமும்தான் அங்கே முக்கியம். நாக்கை நீட்டுவது, கன்னத்தை உப்புவது போன்ற ஒலியில்லாப் பயிற்சிகளைச் செய்தால் மட்டும் உச்சரிப்பு திருந்திவிடும் என்பதற்கு ஆய்வுகளில் போதிய ஆதாரம் இல்லை. எனவே, எந்தச் செயல் வர வேண்டுமோ அந்தச் செயலையே எளிதாக்கிப் பழக்குங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த அடிப்படையில் அமைந்தவை.

தொடங்கும் முன்

சாப்பிடும்போது அடிக்கடி இருமல், விழுங்கியபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி, எடை ஏறாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் எதையும் முயல வேண்டாம். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கலாம். சில குழந்தைகளுக்கு இருமலே வராமலும் அது நடக்கும். விழுங்கும்போது எடுக்கும் எக்ஸ்-ரே வீடியோ போன்ற சோதனையில்தான் அது தெரியும். உணவு, பானங்களின் பதத்துக்கு உங்கள் பேச்சுப் பயிற்சியாளர் ஐடிடிஎஸ்ஐ (IDDSI) என்ற சர்வதேச அளவுமுறையில் (0 முதல் 7 வரை) ஓர் எண் சொல்லியிருந்தால் அதை நீங்களாக மாற்றாதீர்கள்.

படி 1: உட்காரும் முறை

இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் இருக்க வேண்டும். பாதம் எதன்மீதாவது ஊன்றியிருக்கட்டும்; தொங்கக் கூடாது. உடல் தள்ளாடினால் தாடையும் நிலைகொள்ளாது. விலை உயர்ந்த நாற்காலி தேவையில்லை, காலடியில் உறுதியான ஒரு பெட்டி போதும்.

படி 2: கரண்டி

குழிவு குறைந்த, தட்டையான சிறு கரண்டியை எடுங்கள். நாக்கின் நடுவில் வைத்து லேசாகக் கீழே அழுத்திக் காத்திருங்கள். மேலுதடு தானாக இறங்கி உணவை வழித்தெடுக்க வேண்டும். மேல் ஈறில் தேய்த்து வழித்துவிட்டால் அந்த வேலையை உதட்டுக்குப் பதில் நீங்களே செய்துவிடுகிறீர்கள். உதடு மூடிய அந்த நொடியில் “ம்ம்” என்று சொல்லிக்காட்டுங்கள்.

படி 3: மெல்லுதல்

விரல் நீளத்தில் வெட்டிய மென்மையான துண்டைக் கையில் பிடித்தபடி, அதன் நுனியைக் கடைவாய்ப் பற்களுக்கு இடையே வையுங்கள். முன்பற்களில் கொடுத்தால் நாக்கு அதை அண்ணத்தில் நசுக்கும், அல்லது வெளியே தள்ளும். பக்கவாட்டில் வைத்தால்தான் நாக்கு அந்தப் பக்கம் திரும்பக் கற்கும். வலம், இடம் என மாற்றி மாற்றிக் கொடுங்கள். கொட்டைகளும் முழுத் திராட்சையும் கூடவே கூடாது.

படி 4: ஸ்ட்ரா

நாங்கள் நெடுநாள் தேங்கி நின்ற இடம் இதுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஸ்ட்ரா வாய்க்குள் ஆழமாகப் போனால் குழந்தை அதை நாக்கால் சுற்றி, பால் குடிக்கும் பருவத்தில் செய்ததுபோல நாக்கை முன்னும் பின்னும் அசைத்துக் குடிக்கும். பானம் காலியாகிவிடும். உதடுகளுக்கோ வேலையே இருக்காது, நாக்கு முன்னே தள்ளும் பழக்கமும் இறுகிவிடும். ஸ்ட்ராவின் நுனி உதட்டுக்குள் சுமார் 1 செ.மீ. மட்டும் இருந்தால் உதடுகள் குவிந்தே ஆக வேண்டும், நாக்கும் பின்வாங்கும்.

உறிஞ்சவே தெரியாத குழந்தைக்கு இப்படித் தொடங்குங்கள்: ஸ்ட்ராவைப் பானத்தில் அமிழ்த்தி மேல்முனையை விரலால் மூடினால் உள்ளே கொஞ்சம் பானம் நிற்கும். கீழ்முனையை உதட்டில் வைத்து, உதடு மூடும்வரை காத்திருந்து விரலை எடுங்கள். சில துளிகள் இறங்கும். தலை பின்னே சாயக் கூடாது. இது பழகியதும் ஸ்ட்ராவைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். இனி துளி தானாக இறங்காது, குழந்தைதான் இழுக்க வேண்டும். அடுத்தது மூடியுள்ள கோப்பை. மூடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைத்து 1 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். அதற்குமேல் உள்ளே போகாமல் மூடியே உதட்டைத் தடுத்துவிடும்.

சிலிக்கான் ஸ்ட்ராவையே வாங்குங்கள். பிளாஸ்டிக்கை வெட்டினால் விளிம்பு உதட்டைக் கீறும். மூக்குபோல் நீண்ட வாயுள்ள குழந்தைக் கோப்பைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீளமான ஸ்ட்ரா செய்யும் அதே கெடுதலை அவையும் செய்கின்றன. வாயைத் தூண்ட என்று விற்கும் அதிரும் மின்கருவிகளுக்கும் பணம் செலவிட வேண்டாம்.

படி 5: ஒலி

சாப்பாட்டுக்குப் பிறகு சற்று நேரம் கண்ணாடி முன் உட்காருங்கள். உதடு மூடப் பழகிய குழந்தைக்கு மா, பா. நாநுனி எழும்பத் தொடங்கினால் தா, லா. ‘லா’வுக்கு மேற்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் உணவைத் துளி தடவி இடத்தைக் காட்டலாம். ஆனால் நக்கியதோடு விட்டுவிடாமல் உடனே ஒலியையும் எழுப்ப வையுங்கள், ஒலி வந்ததும் அது உள்ள ஒரு சொல்லையும். ற, ழ போன்றவை எல்லாக் குழந்தைகளுக்கும் தாமதமாகத்தான் வரும், அவசரப்படுத்தாதீர்கள்.

பின்னர் சேர்த்தது

ஸ்ட்ராவைக் குழந்தை கடித்துக்கொண்டே இருக்கிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். தாடை நிலையாக நிற்காததால் பல்லால் பிடிமானம் தேடுகிறது. தாடைக்குக் கீழே ஒரு விரலை வைத்து மெல்லத் தாங்கிப் பிடியுங்கள், படி 3-ஐ இன்னும் கொஞ்ச நாள் தொடருங்கள்.

இன்னொரு தாய் கேட்டது இன்னும் முக்கியமானது: எத்தனை பழக்கினாலும் குழந்தையின் உதடு மூடவில்லை, இரவில் குறட்டையும் விடுகிறது. மூக்கடைப்போ அடினாய்டு (மூக்குக்குப் பின்னுள்ள சதை) வீக்கமோ இருந்தால் அந்தக் குழந்தை வாய் வழியாகத்தான் மூச்சு விட முடியும். உதட்டை மூடச் சொல்லி வற்புறுத்துவது அதற்கு வதை. பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.