பழைய காரின் இன்ஜின் மவுண்ட்: வீட்டிலேயே மாற்றுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு இரும்புத் தகடு, நடுவே ஒட்டிய ரப்பர். இன்ஜினைத் தாங்கி வண்டியோடு பிடித்துவைக்கும் இன்ஜின் மவுண்ட் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். நாலைந்து போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலை என்று இறங்குபவர்களுக்குச் சிக்கல் போல்ட்டில் மட்டும் வருவதில்லை. நான்கு சிலிண்டர் வார்ப்பிரும்பு இன்ஜின் 150 கிலோவை ஒட்டி இருக்கும். பெரிய வி8 என்றால் 250 கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கும்போது அதோடு கட்டியிருக்கும் குழாய், கேபிள், ஒயர் எல்லாம் கூடவே நகரும். இறக்கும்போது அதன் எடை எப்படி உட்காருகிறதோ, அப்படித்தான் புது மவுண்ட்டின் ஆயுளும் அமையும். இங்கே சொல்வது பின்சக்கர இழுவைக் கார்களுக்கு: இன்ஜினின் இரு பக்கமும் ஒவ்வொரு மவுண்ட், கியர்பாக்ஸின் வால்பகுதியில் ஒன்று.

நோயைத் தவறாகக் கணிப்பது

நிற்கும் வண்டியில் மவுண்ட்டைப் பார்த்துவிட்டு “நன்றாகத்தான் இருக்கிறது” என்று முடிவுகட்டுவது முதல் தவறு. இன்ஜினின் எடை மேலிருந்து அழுத்துவதால், ரப்பர் தகட்டைவிட்டு முழுதாகப் பிரிந்திருந்தாலும் விரிசல் மூடியே தெரியும். இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் ஓரத்தில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் எடையை மெல்லத் தாங்கிப் பாருங்கள். பிரிந்த மவுண்ட் அப்போது வாயைத் திறக்கும்.

இன்னொரு சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். பானெட்டைத் திறந்து, கைபிரேக் இழுத்து, ஒருவர் கால்பிரேக்கை நன்றாக மிதித்தபடி முதல் கியரில் கிளட்ச்சைப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் விடட்டும். பிறகு ரிவர்ஸிலும் அப்படியே. மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. முன்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் இன்ஜின்தான் பெரும்பான்மை. அது முன்கியரில் வண்டியின் இடப்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். எனவே இடது மவுண்ட்தான் பெரும்பாலும் முதலில் கிழியும். கொஞ்சம் சாய்வது இயல்பு. தகட்டுக்கும் ரப்பருக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அந்த மவுண்ட் முடிந்தது.

அதிர்வு என்றாலே மவுண்ட் என்று நினைப்பதும் தவறு. ஐட்லிங் குறைவு, ஒரு சிலிண்டர் சரியாக எரியாதது, ஃபேன் இறக்கை உடைந்தது, சைலன்சர் குழாய் பாடியில் உரசுவது எல்லாமே இதே மாதிரி நடுக்கம் தரும். கிளட்ச் விடும்போது மட்டும் உதறல், கியர் மாற்றும்போது ‘டங்’ என்ற சத்தம், ஆக்சிலேட்டர் மிதித்தால் கியர் கம்பி தானாக நகர்வது: மவுண்ட்டின் மீது சந்தேகத்தைத் திருப்ப வேண்டிய அறிகுறிகள் இவை.

கிழிந்த மவுண்ட் அசௌகரியம் மட்டும்தானே என்று தள்ளிப்போடுபவர்களுக்கு ஒரு தகவல். 1971 இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 1965 முதல் 1969 வரையான செவ்ரலேக்கள்தான் அவற்றில் பெரும்பாலானவை. இடது மவுண்ட் பிரிந்து இன்ஜின் எழும்பினால் ஆக்சிலேட்டர் இணைப்பு திறந்த நிலையில் சிக்கலாம், பிரேக் பூஸ்டர் குழாயும் பிடுங்கிக்கொள்ளலாம் என்பதுதான் காரணம். இன்ஜின் எழும்பாதபடி கட்டிவைப்பதே அப்போது தரப்பட்ட தீர்வு.

உருவத்தைப் பார்த்து வாங்குவது

போல்ட் ஓட்டை பொருந்தினால் போதும் என்று வாங்கக் கூடாது. ரப்பரின் கடினம் முக்கியம். சாதாரண மவுண்ட், ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் ஏறக்குறைய 45 முதல் 60 வரை இருக்கும். பாலியூரித்தேன் 70-க்கு மேல் போகும். அதைப் போட்டால் இன்ஜின் அசையாது. அதற்குப் பதிலாக டேஷ்போர்டு, கதவு, கண்ணாடி எல்லாம் அதிரும். தெருவில் ஓட்டும் காருக்கு அசல் கடினத்தில் உள்ள ரப்பரே நல்லது. அதைவிட மோசம், முன்னால் மென்மையான ரப்பரும் கியர்பாக்ஸின் கீழே கெட்டியான மவுண்ட்டும் போடுவது. முன்பக்கம் சுழன்று ஆட, வால்பகுதி அசையாமல் நிற்க, முறுக்கு முழுவதும் கியர்பாக்ஸ் கூட்டின் அலுமினியக் காதுகளில் விழும். அவை உடைந்தால் கூட்டையே மாற்ற வேண்டும்.

பெட்டி பிரிக்காத பழைய சரக்கு கிடைத்தால் பலருக்கு மகிழ்ச்சி. இரும்புப் பாகம் என்றால் சரி. ரப்பர் அலமாரியில் இருந்தாலும் முதுமையடையும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், வளைத்தால் மேற்பரப்பில் நுண்கோடுகள் தெரிகிறதா, தகட்டு ஓரத்தில் ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். கெட்டியாகிப் போயிருந்தால் வேண்டாம்.

இடது, வலது வேறுபடும் மாடல்கள் உண்டு. மேல், கீழ் என்று திசைக்குறி உள்ளவையும் உண்டு. பழையதைக் கழற்றிய பிறகு புதியதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பழையது சில மி.மீ. அமுங்கியிருக்கும், அது குறையல்ல. ஓட்டைகளின் இடமும் தகட்டின் கோணமும் மாறினால்தான் கவலைப்பட வேண்டும். ஒரு பக்கம் போனால் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் இன்ஜின் சாய்ந்தே உட்காரும்.

தூக்குவதில் நடக்கும் சேதம்

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தாமல் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, உயிர் போகும்.

இன்ஜினைத் தூக்க ஜாக்கை நேராகச் சம்ப்பின் நடுவில் வைப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. தகட்டுச் சம்ப் உள்ளே குழியும். ஆயில் உறிஞ்சும் வலை சம்ப்பின் தரையிலிருந்து சில மி.மீ. மேலே மட்டுமே இருப்பதால், குழி அதை மூடிவிடும். வெளியே சின்னப் பள்ளம்தான் தெரியும். உள்ளே ஆயில் ஓட்டம் குறைந்திருக்கும். வார்ப்பு அலுமினியச் சம்ப் குழியாது, விரிசல் விடும். சம்ப்பின் விளிம்பு நீளம் முழுவதும் எடை பரவும்படி, குறைந்தது 25 மி.மீ. தடிமனுள்ள கெட்டி மரப்பலகை வையுங்கள். இன்ஜின் தலையில் தூக்கு வளையம் இருந்தால், மேலிருந்து குறுக்குக் கம்பியில் தொங்கவிடுவது இன்னும் நல்லது. கிராங்க் புல்லியில் ஜாக் வைக்கவே கூடாது. பல இன்ஜின்களில் அதுவும் ரப்பரில் ஒட்டிய இரண்டு வளையங்கள்தான்.

தூக்குவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பிறகு இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள்: ரேடியேட்டர் குழாய், ஹீட்டர் குழாய், பெட்ரோல் குழாய், ஆக்சிலேட்டர் கம்பி, சோக் கேபிள், எர்த் ஸ்ட்ராப் (இன்ஜினிலிருந்து பாடிக்கு மின்சாரம் திரும்பும் பட்டை), சைலன்சரின் முன்குழாய். இன்ஜின் பின்பக்கத்தில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பின்சுவரில் இடித்து உடைய 20 மி.மீ. போதும். முன்னால் ஃபேன் ரேடியேட்டரைக் கிழிக்கும். ஃபேனைக் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் இடையில் அட்டை வையுங்கள்.

எவ்வளவு தூக்குவது? முதலில் எடையைத் தாங்கும் அளவு மட்டும். போல்ட் தளர்ந்த பிறகு மவுண்ட் வெளியே வரும் அளவு, பெரும்பாலும் 15 முதல் 30 மி.மீ. ஜாக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் பழக்கம் உள்ளது. ஆகவே தூக்கிய நிலையில் கீழே மரக்கட்டை அடுக்கி முட்டுக்கொடுங்கள். மவுண்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் விரலை விட்டு ஓட்டை தேடாதீர்கள். ஸ்க்ரூ டிரைவரை விடுங்கள்.

இரு பக்க மவுண்ட்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் இன்ஜின் பக்கவாட்டில் சரியும், ஓட்டைகளைத் திரும்ப நேராக்க அரைநாள் போகும். ஒரு பக்கம் முடித்து, தளர்வாக மாட்டிவிட்டு, அடுத்த பக்கம் போங்கள்.

துரு, மரை, ஷிம்

வேலைக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயை மரையில் மட்டும் விடுங்கள். மாற்றாமல் விடப்போகும் ரப்பரில் அது படக்கூடாது. பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் இருப்பதால் தீச்சுடர் வேண்டாம்.

5/16 அங்குலத் தண்டும் மெட்ரிக் அளவான எம்8-உம் கண்ணுக்கு ஒன்றுதான்: 7.94 மி.மீ., 8 மி.மீ. மரை இடைவெளிதான் வேறு. நட் ஒன்றிரண்டு சுற்று போய் இறுகினால், பலம் கொடுக்காமல் வெளியே எடுங்கள். பழைய பிரிட்டிஷ், அமெரிக்க வண்டிகளில் இந்தக் குழப்பம் சாதாரணம்.

மவுண்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இருந்து மெல்லிய தகடுகள் (ஷிம்) விழுந்தால் அவை குப்பை அல்ல. இன்ஜினின் உயரத்தையும் கோணத்தையும் வைப்பவை அவைதான். எந்தப் பக்கம், எத்தனை என்று குறித்து அங்கேயே போடுங்கள். பின்னால் உள்ள ஷிம்மை விட்டுவிட்டால் கியர்பாக்ஸின் வால் தாழ்ந்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட் கோணம் மாறி, வேகத்தில் புது அதிர்வு வரும். சைலன்சர் பக்கத்து மவுண்ட்டுக்கு மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ரப்பர் சீக்கிரமே வெந்துபோகும்.

இறுக்கும் வரிசை

புது மவுண்ட் சில மாதங்களிலேயே கிழிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஓட்டை அரை மி.மீ. தள்ளியிருக்கிறது, போல்ட்டை இறுக்கி இன்ஜினை இழுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் வண்டி நகரும் முன்பே ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு நிற்கும். ஓடும்போது வரும் சுமை அதன் மேல் சேரும். சின்னக் கடப்பாரையால் இன்ஜினை நகர்த்தி, போல்ட் விரலால் போகும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இரு முனையிலும் ஸ்டட் (தலையில்லாத மரைத் தண்டு) உள்ள உருளை மவுண்ட்டில் இன்னொரு பொறி உண்டு. நட்டை இறுக்கும்போது ரப்பரும் சேர்ந்து திருகும். கண்ணுக்குத் தெரியாத முறுக்கு உள்ளே தங்கி, ஒட்டைப் பிரிக்கும். ரப்பரின் உடலை ஒரு கையால் பிடித்துக்கொண்டோ, ஸ்டட்டில் ஸ்பேனர் வெட்டு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டோ இறுக்க வேண்டும்.

வரிசை இப்படி: மூன்று மவுண்ட்டிலும் எல்லா போல்ட்டும் விரலிறுக்கம் மட்டும். சைலன்சர் முன்குழாயின் கிளாம்ப்பையும் தளர்த்துங்கள். இதைப் பலர் செய்வதில்லை. இறுகிய குழாய் இன்ஜினை ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் குழாய் இன்ஜினோடு சேரும் மேனிஃபோல்ட்டின் விளிம்பு இதனால் விரிசல் விடலாம். ஜாக்கை முழுதாக இறக்கி, எடை மவுண்ட்டில் விழுந்த பிறகு, இன்ஜினைக் கையால் இருபுறமும் ஆட்டி உட்கார வையுங்கள். அதன் பிறகே டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்). பட்டறைக் கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு. அது கிடைக்காதபோது 8.8 தர எம்8 போல்ட்டுக்குச் சுமார் 25, எம்10-க்குச் சுமார் 45 நியூட்டன் மீட்டர். குழாய் கிளாம்ப் கடைசியில்.

மாட்டும்போது வழுக்கலுக்குக் கிரீஸ் தடவ வேண்டாம். கனிம எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதவைத்துப் பஞ்சாக்கும். சோப்புத் தண்ணீர் போதும். அதே காரணத்தால், மேலே ராக்கர் மூடியோ பெட்ரோல் பம்ப்போ கசிந்தால் அந்தக் கசிவை முதலில் நிறுத்துங்கள்.

முடித்தோம் என்று நினைக்கும்போது

எர்த் ஸ்ட்ராப்பை மறந்து ஸ்டார்ட் செய்வது விலை அதிகமான மறதி. இன்ஜின் ரப்பரில் நிற்கிறது, ரப்பரில் மின்சாரம் போகாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் சோக் கேபிள், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் பழுத்துப் புகையும். ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றி, கேபிள் சுட்டால், வேறெங்கும் தேடாமல் ஸ்ட்ராப்பைப் பாருங்கள். முனைகளில் பெயின்ட், துரு இருந்தால் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஃபேனைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். புது மவுண்ட் இன்ஜினை உயர்த்தியிருப்பதால் ஃபேன், ரேடியேட்டர் கூட்டின் மேல்விளிம்பில் உரசலாம். ஆக்சிலேட்டர் முழுதாகத் திறந்து, விட்டதும் தானாக மூடுகிறதா என்று பாருங்கள். உயரம் மாறினால் கம்பியின் நீளமும் சரிசெய்ய வேண்டும். கிளட்ச் கேபிளின் இடைவெளியும் அப்படியே. பிறகு, முன்பு பிரேக்கை மிதித்துச் செய்த மவுண்ட் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

முதல் 500 கி.மீ.க்குள் ரப்பர் அமுங்கி உட்காரும். அப்போது எல்லா போல்ட்டுக்கும் மறுபடி டார்க் ரென்ச் வையுங்கள், குழாய் கிளாம்ப் உட்பட.